கீழ்ப்பாதி மறைத்த கண்ணாடி

மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பையை அஃப்ஷான் கட்டிலின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். கீப்பிங் கிளவுஸ் இரண்டும் விழுந்தன. வலது கால் ஷூ மட்டும் விழுந்தது. பிறகு மணிபர்ஸ், திரை நொறுங்கிய செல்போன், ரயில் சீசன் டிக்கெட், வியர்வை காய்ந்து விறைத்த ஒரு துவாலை. பையை உதறினாள். கொஞ்சம் மணல் உதிர்ந்தது. கண்ணாடியைக் காணோம்.

கிளவுஸுக்குள் கைவிட்டுத் துழாவினாள். ஷூவைத் தட்டிப் பார்த்தாள். துவாலையை விரித்து, மடித்து, மறுபடியும் விரித்தாள். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். கூடத்தில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி வாஜித் நேற்றுக் காலை மைதானத்துக்குப் போகும் வழியில், இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது தண்ணி லாரியில் அடிபட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. கூடப் போயிருந்த சிநேகிதன் தயாளன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். அத்தாவுக்கு போன் செய்தவனும், போலீசுக்கு நடந்ததைச் சொன்னவனும் அவன்தான். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் இப்போது வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இவ்வளவும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அடிபட்டபோது வாஜித் அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தானா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் அஃப்ஷானுக்கு அழுகைகூட வரவில்லை.

கண்ணாடியைச் செய்து கொடுத்தவள் அவள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் அஃப்ஷானுக்குப் பார்வை பரிசோதிக்கிற வேலை. கடைக்கு வரும் தொழில் பத்திரிகை ஒன்றில், விளையாட்டுக்காரர்களின் கண்ணுக்கென்றே தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று படித்தாள். கை காலைப் பழக்குவதைப் போலக் கண்ணையும் பழக்கலாம், பந்தைச் சீக்கிரமாகப் பிடித்துக்கொள்ளும் கண் இருந்தால் கை தானாகவே போய்ச் சேரும் என்று எழுதியிருந்தது. வாஜித் லீக் அணியொன்றில் விக்கெட் கீப்பர். கொஞ்சம் பேர் வாங்கினால் விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைத்துவிடும் என்று வீடே காத்துக்கொண்டிருந்த நேரம். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

கூடத்து மின்விசிறிக் கொக்கியில் கயிறு கட்டி, உடம்பெல்லாம் எழுத்து எழுதிய ரப்பர் பந்தைத் தொங்கவிட்டாள். பந்து ஆடும்போது தலையை அசைக்காமல் எழுத்தைப் படிக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் மணி கோத்த கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை அவன் மூக்கில் வைத்துப் பிடிக்கச் சொன்னாள். தூரத்து மணி, பக்கத்து மணி என்று பார்வையைத் தாவவைக்க வேண்டும்.

"இன்னா டாக்டரம்மா, மூக்கணாங்கயிறா?" என்பான் வாஜித். "அடுத்து லாடம் அடிப்பியா?"

பயிற்சி பலித்தது. இருந்தாலும் ஒரு குறை மட்டும் போகவில்லை. பந்து கைக்கு வந்து சேருமுன்பே அவன் பார்வை கிளவுஸுக்குத் தாழ்ந்துவிடும், பந்து நழுவும். அதற்காகத்தான் கடையிலிருந்து பவர் இல்லாத கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, பின்னால் எலாஸ்டிக் வைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டால் தன் கை தனக்கே தெரியாது. பந்தை மட்டும்தான் பார்க்க முடியும். இரண்டாவது வாரமே கேட்சுகள் கையில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. அம்மா அக்தர் பேகத்துக்குத்தான் பிடிக்கவில்லை. "குதிரைக்குக் கட்டுற மாதிரி புள்ள கண்ணக் கட்டுறியே. நல்லாவா இருக்கு?" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சமதரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் போட வேண்டும் என்றுதான் பத்திரிகையில் இருந்தது. அஃப்ஷானுக்கும் அது தெரியாததில்லை. வெள்ளெழுத்துக்கு இரட்டைக் கண்ணாடி வாங்கும் ஒவ்வொருவரிடமும், "படி எறங்குறப்ப ஜாக்கிரதை சார், கால் சரியா தெரியாது" என்று சொல்லி அனுப்புகிறவள் அவள். அப்படிப்பட்டவள், ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு வருகிற அவசரத்தில், முந்தாநாள் வாசலில் நின்று தம்பியிடம் சொன்னாள்: "கிரவுண்டுக்குப் போய் மாட்டினா கண்ணு செட்டாவுறதுக்கே நேரம் போயிடும்டா. வீட்டுலேர்ந்தே போட்டுகிட்டுப் போ."

கதவு தட்டப்பட்டது. எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட்டுவிட்டுத் திறந்தாள். பக்கத்து வீட்டு ரத்தினபாய் டீ பிளாஸ்க்கோடு நின்றாள். மவுத்து வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று நேற்றிலிருந்து அவள் வீட்டில்தான் எல்லாம் தயாராகி வந்தது.

"ஒரு வாய் குடிம்மா. நீயும் விழுந்துட்டா உங்கம்மாவ யாரு பாக்குறது?"

"வேணாம் அக்கா."

"இந்த தண்ணி லாரிக்காரனுங்களக் கட்டி வெச்சு ஒதைக்கணும். ட்ரிப்பு ட்ரிப்புன்னு பேயா பறக்கறானுங்க." ரத்தினபாய் தம்ளரில் டீயை ஊற்றினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். "ஏம்மா, அந்தக் கறுப்பு டேப்பு ஒட்டின கண்ணாடி... அத மாட்டிகிட்டு வாஜித்து ரோட்டுல போனத நானே பாத்தேனே, முந்தாநேத்து. ஏன் தம்பி இப்படின்னு கேட்டா, கண்ணுக்கு எக்சர்சைஸ்னு சொல்லிச்சு."

அஃப்ஷான் அவளைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மாவின் தலை மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. ஓதிக்கொண்டிருந்த உதடுகள் நின்றுவிட்டன.

அதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. கூடம் எழுந்து நின்று அலறியது. அத்தா அயூப் முன்னால் வந்தார். அவர் பின்னால் நாலு பேர் தூக்கி வந்தார்கள், அதில் தயாளனும் இருந்தான். நேற்றுப் போட்ட அதே சட்டை. கூடத்தின் நடுவே கிடத்தி, முகத்துணியை விலக்கினார்கள். அம்மா மகனின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு, "ராசா, ராசா" என்று மட்டும் சொன்னாள்.

அஃப்ஷான் தலைமாட்டில் மண்டியிட்டாள். அவள் கண்கள் நேராக வாஜித்தின் மூக்குத்தண்டுக்குப் போயின. கடையில் தினமும் செய்கிற வேலை அது. வருகிறவரின் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தாலே எவ்வளவு நேரமாகக் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். இடது கன்னத்தில் சிராய்ப்பு இருந்தது. மூக்கின் மேல் ஒன்றும் இல்லை. குனிந்து வெளிச்சம் படுகிற பக்கமாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தத் தடம் எவ்வளவு நேரத்தில் மறையும் என்று அவளுக்குத் தெரியும். இறந்தவர்களுக்கு மறையுமா, நிற்குமா என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் அழுந்தியிருக்கிறதா என்று பார்க்கக் கையை நீட்டினாள்.

"போதும்மா. குளிப்பாட்டணும், நேரமாவுது" என்று யாரோ துணியை மூடிவிட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. மூக்கைப் பார்த்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள்.

பக்கவாட்டுச் சந்தில், போர் பம்புக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் போர்வைகளைக் கட்டி மறைத்துக் குளிப்பாட்டினார்கள். அம்மாவின் அண்ணன் மொஹ்சின் மாமுவும் ஜமாஅத்தைச் சேர்ந்த இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரின் வாசனை சமையலறை ஜன்னல் வரை வந்தது. அஃப்ஷான் அந்த ஜன்னலருகிலேயே நின்றாள். தண்ணீர் விழுகிற சத்தமும் மாமு தணிந்த குரலில் ஓதுகிற சத்தமும் கேட்டன. அங்கே, அந்தப் போர்வைக்கு அந்தப் பக்கம், ஒருவர் வாஜித்தின் தலையைத் தூக்கிப் பிடித்துக் காதோரம் கழுவிக்கொண்டிருக்கிறார். எல்லாமே அவர் கைக்குத் தெரியும்.

மாமு கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு வந்தார். குரோம்பேட்டையில் ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அந்தப் பக்கத்து ஜமாஅத்தில் எந்த வீட்டு மவுத்தென்றாலும் குளிப்பாட்ட இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"கற்பூரம் இன்னும் கொஞ்சம் இருந்தா குடும்மா."

எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்காமலே கேட்டாள்: "மாமு, அவனுக்கு மூக்குல... காதுக்குப் பின்னாடி... ஏதாச்சும் தடம் இருந்துச்சா?"

மாமு அவளை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கும்மா?"

"சொல்லுங்களேன்."

"குளிப்பாட்டுறவன் பாத்தது அவனோடயே போயிடணும். வெளிய சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

"கெட்டதத்தான சொல்லக் கூடாது? நல்லதா இருந்தா சொல்லலாம்ல?"

"சொல்லலாம்னுதான் பெரியவங்க சொல்றாங்க." கற்பூரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார். "நான் அதையும் சொல்றதில்ல. ஒரு வீட்டுல, முகம் பிரகாசமா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்னு வை. இன்னொரு வீட்டுல ஒண்ணும் சொல்லாம வந்தா, அவங்க என்ன நெனப்பாங்க? அதான், நல்லதுக்கும் வாயத் தொறக்கறதில்ல, கெட்டதுக்கும் இல்ல. தப்பா எடுத்துக்காதம்மா."

போய்விட்டார். கேட்க இன்னும் ஒருவன்தான் பாக்கி. முன்வாசலில் ஆண்கள் கூட்டம். இந்த வீட்டில் இன்றைக்கு அவள் அங்கே போய் ஓர் ஆணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச முடியாது. பள்ளிக்கூட நாளிலிருந்து வாஜித்தோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பையன்தான் தயாளன். நேற்றிலிருந்து ஷாமியானா, வேன், கபர் தோண்ட ஆள் என்று ஓடிக்கொண்டே இருக்கிறான். ஓடுகிறவனுக்கு அவள் பக்கம் திரும்ப நேரமில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். வேனிலிருந்து இறங்கும்போதுகூட அவன் அவளைப் பார்க்கவில்லை என்பது இப்போது நினைவுக்கு வந்தது. தெரிந்திருக்கிறது அவனுக்கு. வாஜித் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறான். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ஒளிகிறான்.

காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு தயாளன் பின்வாசலுக்கு வந்தபோது அவள் குறுக்கே போய் நின்றாள்.

"தயாளா, நில்லு."

"தண்ணி புடிக்கணும்க்கா. மாமு கேக்கறாரு."

"குடத்தக் கீழ வை. அந்தக் கண்ணாடி எங்க?"

அவன் குடத்தை வைக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டான்.

"போட்டிருந்தானா? அது மட்டும் சொல்லு. நான்தான் போட்டுகிட்டுப் போன்னு சொன்னேன். அதனால எதுன்னாலும் சொல்லு."

"அவன் போடலக்கா."

அவள் மூச்சை விட்டாள். நேற்றுக் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு. அல்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நான் போட்டிருந்தேன்" என்றான் தயாளன்.

பம்பு நின்றுவிட்டது. சந்தில் யாரோ இருமினார்கள்.

"இன்னாடா இது, போட்டா அப்டி இன்னாதான் தெரியும்னு நான்தான் கேட்டேன். 'நீயும்தான் கேட்ச் வுடற, போட்டுப் பாரு, அக்காகிட்ட ஃபீஸ் கட்டாம ட்ரீட்மெண்ட்'னு சொல்லி அவனே மாட்டி வுட்டான்க்கா. சிரிச்சிகினே வந்தோம். பாதி ரோடு தாண்டி மீடியன்ல நின்னோம். அங்க புதுசா கல்லு வெச்சிகினு கீறாங்கல்ல, ஒரு எடத்துல கல்லே இல்ல. எனக்குக் காலே தெரியலக்கா. தடுக்கி ரோட்டுல போயிட்டேன். லாரி வர்ற சத்தம் மட்டும் கேட்டுச்சு." அவன் குடத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான். "பின்னாலேர்ந்து சட்டையப் புடிச்சு இழுத்தான். நான் உள்ள வந்து வுழுந்தேன். அவன் வெளிய போயிட்டான்."

ஒரு நிமிஷம் முன்பு அஃப்ஷானின் மார்பிலிருந்து இறங்கிய அதே கல் வேறு வழியாக ஏறி வந்து உட்கார்ந்தது. போடவில்லை, அவன் போடவே இல்லை. ஆனால் கண்ணாடி அதே கண்ணாடிதான். டேப்பை வெட்டி ஒட்டியது அதே கைதான். தன் பாரம் குறைந்ததென்று அவள் மூச்சுவிட்ட அந்த நேரத்தில், இவன் அந்தப் பாரத்தைக் குடத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. கண்ணாடி எங்கிட்டதான் கீது. லாரி வேகமா வந்துச்சுன்னு மட்டும்தான் போலீசுல சொன்னேன். அது பொய்யில்லக்கா, வேகமாத்தான் வந்துச்சு. ஆனா அம்மா என் கையப் புடிச்சிகினு, நீயாச்சும் தப்பிச்சியேன்னு சொல்றாங்க. என்னால முடியலக்கா. தூக்கறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட, அத்தாகிட்ட கால்ல வுழுந்து சொல்லிடறேன்."

"தயாளா!" என்று சந்திலிருந்து மாமு கூப்பிட்டார். "தண்ணிக்குப் போனியா, தண்ணி செய்யப் போனியாப்பா?"

அவன் குடத்தோடு போனான்.

வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, அத்தர் பூசி, மறுபடியும் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியாக முகம் பார்க்கிற நேரம். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஆண்கள் சந்தூக்குப் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். நிலைப்படியில் தயாளன் நின்றான். அவன் கண் அம்மாவின் மேலேயே இருந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

அம்மா அவனைப் பார்த்துவிட்டாள்.

"தயாளா, இங்க வாப்பா." குரல் கம்மியிருந்தாலும் உறுதியாக இருந்தது. கூடம் அடங்கியது. "எம்புள்ள மேல சத்தியமா கேக்கறேன். அவன் ரெண்டு பக்கமும் பாக்காம ரோடு தாண்டறவன் இல்ல. இவ செஞ்சு குடுத்தாளே அந்தக் கண்ணாடி. அத மாட்டிகிட்டுதான் ரோட்டுல போனானா?"

எல்லாத் தலைகளும் அஃப்ஷான் பக்கம் திரும்பின. ரத்தினபாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தயாளன் ஓர் அடி முன்னால் வந்தான். அவன் முழங்கால் மடங்கப் போவது அவளுக்குத் தெரிந்தது.

"இல்லம்மா" என்றாள் அஃப்ஷான். "அவன் போடல. நான் கேட்டுட்டேன்."

தயாளன் அவளைப் பார்த்தான். நேற்றிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தான்.

"நெசமாவா?" அம்மா அவனைத்தான் கேட்டாள்.

அஃப்ஷான் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் போடலம்மா" என்றான் தயாளன்.

அம்மா கண்ணை மூடினாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு மகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, மேலே இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். "உன்னத்தான்டி நெனச்சு பயந்துட்டேன். ஆயுசுக்கும் நீ எப்படித் தூங்குவேன்னு" என்று அவள் காதோரம் சொன்னாள்.

கூடம் மறுபடியும் அழ ஆரம்பித்தது. அந்த அழுகைக்கு நடுவே மாமு குனிந்து கஃபனின் முடிச்சைப் போட்டார். அம்மாவின் மடியில் கை இருக்க, அஃப்ஷான் அந்த முடிச்சைத்தான் பார்த்தாள்.

தூக்கினார்கள். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகும் வழக்கமில்லை. வாசல் கேட்டோடு நின்றுவிட வேண்டும். முன் வலது பக்கம் பிடித்திருந்த ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கியது. அத்தா திரும்பிப் பார்த்தார்.

"தயாளா, நீ முன்னாடி வந்து புடிப்பா. அவன் உன்னத்தான் கேப்பான்."

தயாளன் போய்த் தோள் கொடுத்தான். கலிமா சொல்லிக்கொண்டு கூட்டம் நகர்ந்தது. அஃப்ஷான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்வாய் வேலைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கங்கே பலகை, அங்கங்கே மண்மேடு. மற்றவர்கள் எல்லாம் தலை நிமிர்ந்து, முன்னால் பார்த்து, வேகவேகமாக நடந்தார்கள். தயாளன் மட்டும் குனிந்திருந்தான். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கால் எங்கே படுகிறது என்று பார்த்து, பார்த்து வைத்தான்.

"நேரா பாத்து நடப்பா, வரிசை கெடுது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

தெரு முனை திரும்பும்வரை அவன் தலையைத் தூக்கவில்லை.